நான் பிரிக்காத கவர்

புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

வருகிற சனிக்கிழமையோடு தென்காசி அலுவலகத்தில் என் வேலை முடிகிறது. ஓய்வுபெறுகிற வயதெல்லாம் இல்லை. இன்னும் முப்பதே ஆகவில்லை. பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, போகிறேன். பீடி சுற்றுகிற அம்மாவுக்கும், புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அப்பாவுக்கும் பிறந்தவள் இரண்டாவது பட்டத்துக்குப் போகிறாள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

போகும்போது உங்களிடம் ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஸ்டீல் அலமாரியின் சாவி. மேல்தட்டில் பச்சை நிற ஃபைல் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒட்டிய கவர் ஒன்று. என் பேருக்கு வந்த கவர்தான், வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நான் பிரிக்கவில்லை. ஏன் என்று சொல்லாமல் போனால் முதல் நாளே உங்களில் யாராவது அதைப் பிரித்துவிடுவீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் பிரித்திருப்பேன்.

சென்னைப் பயிற்சியில் உங்களுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பது, பெயரைப் பதிவது, எங்கோ ஒரு ரத்தப் புற்றுநோயாளிக்கு அந்த மாதிரி பொருந்திவிட்டால் கொடையாளரை அழைத்து எலும்பு மஜ்ஜை கொடுக்கச் சம்மதமா என்று கேட்பது. முன்பு இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டு, மஜ்ஜையிலிருந்து செல்களை ரத்தத்துக்குள் இறங்கவைத்து, கை நரம்பு வழியாக மிஷினில் பிரித்தெடுக்கிறார்கள். இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிற ஒன்றை மட்டும் இங்கே திரும்பச் சொல்கிறேன். கொடையாளர் கடைசியாக எழுத்தில் சம்மதம் தந்ததும், அந்தப் பக்கம் நோயாளிக்கு அவருடைய சொந்த மஜ்ஜையை முழுதாக அழிக்கிற மருந்தைத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு கொடையாளர் மனம் மாறினால் நோயாளிக்குத் திரும்பிப் போக வழி இல்லை. ஆகவே நம் வேலையின் கனமெல்லாம் அந்தக் கையெழுத்துக்கு முந்தைய சில நாட்களில்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் எனக்கு இது உறைக்கவில்லை. சேர்ந்த முதல் வருடம் குற்றாலத்தில் சாரல் காலத்தில், ஐந்தருவி கார் நிறுத்தத்தில் மேஜை போட்டு முகாம் நடத்தினேன். ஈரத் துண்டும் சிரிப்புமாக வரிசையில் நின்று வாயைத் திறந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. பிறகு அவர்களில் ஒருவருக்குப் பொருத்தம் வந்து கூப்பிட்டபோது, "அது அருவிக்கு வந்த எடத்துல கூட்டத்தோட கூட்டமா போட்டது மேடம், அதப் போயி பெருசா எடுத்துக்கிட்டீயளே" என்றார். குளிக்க வந்த இடத்தில் யாரும் எதற்கும் சரி என்றுதான் சொல்வார்கள். அதோடு அந்த மேஜையை மடக்கினேன்.

அந்தத் தவறாவது எளிதில் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது தவறு நல்ல வேலை போலவே தெரிந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையநல்லூர்ப் பெண்ணுக்குப் பொருத்தம் வந்தது. ஜமீலா என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவள் பெயர் இல்லை. கல்லூரிக் கடைசி வருடத்தில் தோழிகளோடு பதிந்தவள். இப்போது கல்யாணமாகி மாமியார் வீட்டில் இருந்தாள். கணவர் வளைகுடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. போனில் விஷயத்தைச் சொன்னேன். 

"சரிக்கா" என்றாள். பிறகு, "வீட்ல கேக்கணும்."

இந்த "வீட்ல கேக்கணும்" என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ரத்தம் சூடாகிவிடும். நான் பிளஸ் டூ முடித்தபோது எங்கள் வீட்டிலும் எல்லோரையும் கேட்டார்கள், என்னைத் தவிர. பெரியப்பாவைக் கேட்டார்கள், அப்பாவின் கமிஷன் கடைக்காரரைக் கேட்டார்கள். அம்மா ஒருத்திதான் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "அவ படிக்கட்டும், பொறவு பேசுங்க" என்றாள். அதனால் ஜமீலா அப்படிச் சொன்னதும் கதை முழுக்க எனக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. கொடுக்க ஆசைப்படுகிற பெண், தடுக்கிற குடும்பம். குடும்பத்தை வென்றால் வேலை முடிந்தது.

மறுநாளே படங்கள் போட்ட அட்டை, டாக்டரின் விளக்கக் கடிதம், இதுவரை கொடுத்தவர்களின் வீடியோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாமியார் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். "வா பிள்ள, வெயில்ல வந்திருக்க, மொதல்ல தண்ணியக் குடி. பொறவு எந்தப் பயலுக்கு ரத்தம் வேணும்னு சொல்லு."

"ரத்தம் இல்லம்மா, மஜ்ஜை."

"முதுகுத்தண்டுல ஊசியப் போட்டு உறிஞ்சுவாகளாமே, நேத்து எதுத்த வீட்டுக்காரி சொன்னா. பொறவு கூன் விழுந்துருமாம்."

படத்தைக் காட்டினேன். கையில்தான் ஊசி, முதுகுப் பக்கமே யாரும் போகமாட்டார்கள் என்றேன். அவர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எதுத்த வீட்டுக்காரிக்கு ஒண்ணுந் தெரியாது" என்று தீர்ப்புச் சொன்னார். மார்க்கத்தில் தடை உண்டா என்று கேட்பார் என எண்ணி, அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "அத நேத்தே பள்ளிவாசல் ஹஜ்ரத்துட்ட கேட்டாச்சு. ஒரு உசுரக் காப்பாத்துறதுக்கு என்ட்ட எதுக்கு வந்து கேக்கீயன்னுட்டாரு" என்றார்.

கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். "பின்னால புள்ள உண்டாகுறதுல ஒண்ணும் கோளாறு வராதுல்லா?"

வராது என்று டாக்டரின் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். எனக்குப் படிப்பது பிடிக்கும். நிறுத்தி, அழுத்தி, கடைசி வரி வரை படித்தேன். ஜமீலா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் காலி டம்ளர்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது இளகுகிறதா என்று.

இளகியது. "சரி, அவன்ட்டயும் ஒரு வார்த்த பேசிரு" என்று போனைக் கொடுத்தார்.

வீடியோவில் கணவர் வந்தார். பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கிய குடோன். நான் பெரிய சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மேடம், அவளுக்கு வலிக்கும்னா அவளுக்குப் பதிலா என்ட்ட எடுத்துக்கிடலாமா?"

"உங்களது பொருந்தாது சார்."

"என்னது எதுவுமே பொருந்தலங்கா அவ, சட்டை கூட. இதாவது பொருந்தும்னு பாத்தேன்" என்று சிரித்தார். மாமியார் போனைப் பார்த்து, "ஏலே, மேடத்துட்ட என்ன பேச்சு" என்று அதட்டினார். ஐந்து நாள் ஊசியின்போது உடம்பு வலி இருக்கும், காய்ச்சல் போல இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். 

"அவளுக்குச் சம்மதம்னா எனக்குச் சம்மதம் மேடம்."

இந்த வாக்கியத்தில் இரண்டு பாதி இருக்கிறது. நான் பின்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் இடைகால் ஊரைத் தாண்டுவதற்குள் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: குடும்பம் முழுவதும் சம்மதம். மேலாளர் மூன்று கைதட்டல் படம் அனுப்பினார்.

அடுத்த வாரங்களில் வேலை ஓடியது. ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, உடல்நலப் படிவம். அந்தப் படிவத்தை நான்தான் சரிபார்த்தேன். எத்தனை முறை கருவுற்றீர்கள் என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் "இரண்டு" என்று இருந்தது. குழந்தைகள் என்ற இடத்தில் "இல்லை." டாக்டர் பார்த்து, பழைய விஷயம், தடையில்லை என்று முத்திரை வைத்தார். நானும் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் தெருவில் முதலில் படித்தவள் நான். எட்டு வயதிலிருந்து தெருவுக்கு வருகிற எல்லாக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். பேங்க் நோட்டீஸ், மாத்திரை அட்டை, பிராவிடண்ட் ஃபண்ட் கடிதம், கல்யாணப் பத்திரிகை. கடலை மடித்து வந்த காகிதத்தைக் கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கசக்குவேன். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் விட்டதில்லை. அப்படிப்பட்ட நான் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு ஒன்றுமே படிக்காதவள் போலப் பக்கத்தைத் திருப்பினேன்.

நோயாளியின் மருத்துவமனை நாள் குறித்தது. மருந்து தொடங்குவதற்கு முன் கொடையாளரின் கடைசிச் சம்மதப் படிவம் செவ்வாய் மதியத்துக்குள் வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை காலையில் ஜமீலாவுக்குப் போன் செய்தேன். எடுத்தது மாமியார். சுற்றிலும் ஒரே இரைச்சல்.

"நாங்க ஐந்தருவிக்கு வந்திருக்கோம் பிள்ள! தண்ணி நல்லா விழுது! நீ இங்கனயே வந்துரு, கையெழுத்துதான, எங்க போட்டா என்ன!"

எனக்கும் அது சரியென்றே பட்டது. படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போனேன். கார் நிறுத்தத்தில் நான் ஒரு காலத்தில் மேஜை போட்ட இடத்தைக் கடந்துதான் போனேன். அப்போதாவது புத்தியில் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

பெண்கள் பகுதியில் மாமியார் ஒருமுறை குளித்து முடித்து, மறுமுறை வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தார். "நீங்க ரெண்டு பேரும் பைகளப் பாத்துக்கிடுங்க. நான் இன்னொரு வாட்டி தலையக் காட்டிட்டு வாரேன்" என்று எண்ணெய் மணக்கப் போனார். ஜமீலா படிக்கட்டில் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். குளிக்கவில்லை. சாரல் மட்டும் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

அவள் மடியில் படிவத்தை வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா?"

"கேளுங்க."

"என் ரத்தம் பி பாசிட்டிவ்லா. அந்த ஆளுக்கு வேற ஏதாவது இருந்தா?"

"கொஞ்ச மாசத்துல அவரோடதும் பி பாசிட்டிவ் ஆயிரும்."

நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான். இனிமே அவருக்கு ரத்தம் உங்க மஜ்ஜையிலதான ஊறும்."

"அப்ப எனக்குத் தூசி பட்டா தும்மல் வரும். நிக்கவே நிக்காது. அதுவும் அவுகளுக்குப் போயிருமா?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நான்கு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அங்கேயே நம் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, சிலருக்கு ஒவ்வாமை அப்படிப் போய்ச் சேர்ந்ததுண்டு, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். ஜமீலாவிடம் சொன்னபோது அவளுக்கு அப்படி ஒரு ஆச்சரியம். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அந்த நிமிடம் மிகவும் பிடித்திருந்தது. இவ்வளவு ஆர்வமாக இருக்கிறாள், அடுத்தது கையெழுத்துதான் என்று நினைத்தேன்.

பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "அவுக மவுத்தாயிட்டா?"

"யாரு?"

"என்னத வாங்குனவுக. என்னது உள்ள போயி, நிக்காம, அவுக மவுத்தாயிட்டா?"

நோயாளி இறந்துவிட்டால் என்ற கேள்விக்குப் பயிற்சியில் பதில் உண்டு. நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நான் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். சிகிச்சை பலிக்காமல் போக நிறையக் காரணங்கள் இருக்கலாம், அதில் எதுவும் கொடையாளரின் குற்றமல்ல.

"அதையேதான்க்கா டாக்டரம்மா சொன்னாக" என்றாள். "ரெண்டு தடவையும்."

எனக்கு அப்போதுதான் அந்தப் படிவம் கண்முன்னால் வந்தது. இரண்டு. இல்லை. பக்கத்தில் என்னுடைய டிக்.

"வீட்ல ஏதாவது சொல்லுதாங்களா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் புத்தி குற்றவாளியை வீட்டுக்குள்ளேயேதான் தேடியது.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலக்கா. மாமி எனக்கு மீனுல முள்ளு எடுத்துத் தாராக. மச்சான் அங்கேருந்து போன்ல தெனமும் பேசுதாக. எல்லாரும் அவ்ளோ நல்லா இருக்காக. யாராவது ஒருத்தர் ஏசிருந்தா நானும் பதிலுக்கு ஏசிட்டுப் போயிருப்பேன்." நனைந்த பையைத் தள்ளி வைத்தாள். "என் உடம்புக்குள்ள வந்த ரெண்டு நிக்கல. இப்ப என் உடம்புலேந்து ஒண்ணு வெளிய போயி அங்கனயும் நிக்கலன்னா, மூணு. அதத் தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிக்கா உக்காந்திருப்பேன்?"

அவள் பேனா மூடியை மறுபடி திருகினாள்.

"வீட்ல கேக்கணும்னு சொன்னேன்லா. மாமி பயந்து வேண்டாம்னு சொல்லிருவாக, அத்தோட போயிரும்னு நெனச்சேன். நீங்க வந்து மாமிட்டயும் வாங்கிட்டீங்க, மச்சான்ட்டயும் வாங்கிட்டீங்க. இப்ப நான் வேண்டாம்னு சொல்லணும்னா, சொல்லிக்கிட ஒருத்தர் பேரும் மிச்சம் இல்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அருவி இரைச்சலில் எனக்குக் கேட்கவேண்டுமே என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள், அவ்வளவுதான்.

பெருமைப்பட்டு நான் வென்ற வீடு அது. ஒரு பெண்ணுக்கு வழி திறந்துவிட்டதாக நினைத்து, அவள் வெளியேற வைத்திருந்த ஒரே கதவை அடைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் போனில் வந்தார். கையெழுத்து ஆயிற்றா, அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். இந்த நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதினேன். எங்கோ படுத்திருக்கும் ஒரு ஆள் பக்கத்தில் இல்லாமலே நம் தோளில் கை வைத்து அழுத்துவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பேனாவோடு இருக்கிறாள். இன்னும் நான்கு நல்ல வார்த்தை சொன்னால் போட்டுவிடுவாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. நான்கு வார்த்தை சொல்வதில் நான் கெட்டிக்காரி.

"இல்ல சார். நாளை மதியம் வரை நேரம் இருக்கு. இன்னைக்கு வாங்க மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பேனாவை அவளிடமிருந்து வாங்கி மூடினேன். "இன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொன்னா, அவங்க வேற வழி பாப்பாங்க. வேற வழி இருக்கான்னு எனக்குத் தெரியாது. இருக்குன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா மருந்து ஆரம்பிச்ச பிறகு வேண்டாம்னா வழியே கிடையாது. அதனால வேண்டாம்னா இப்பச் சொல்றதுதான் அவருக்கும் நல்லது. உங்க வீட்ல காரணம் சொல்லமாட்டோம். எங்க ஆபீஸ்ல இது வேண்டாம்னு முடிவாயிட்டுன்னு மட்டும் நான் வந்து சொல்லுவேன். ஏசுனா என்னை ஏசட்டும்."

அவள் தலையாட்டினாள். படிவத்தைத் திருப்பித் தரவில்லை. நான் அதைப் பக்கம் பக்கமாக அவளோடு சேர்ந்து முதல் முறையாக நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அவள் விரல் வைத்து வர, நான் வாசித்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: நோயாளியின் நிலை பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா? ஆம், இல்லை.

"ஆம்" என்ற கட்டத்தில் ஏற்கெனவே ஒரு டிக் இருந்தது.

"இது யாருக்கா போட்டது?"

நான்தான். எல்லாப் படிவத்திலும் முன்கூட்டியே நானே போட்டுவிடுவேன். தெரிந்துகொள்ள விரும்பாத ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கடலைக் காகிதம் படிக்கிறவள் அல்லவா.

"அப்ப சொல்லாமலும் இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"நீங்க இல்லன்னு போட்டா, சொல்லமாட்டோம்."

அதற்குள் மாமியார் சொட்டச் சொட்ட வந்துவிட்டார். "என்னட்டி, கையெழுத்துப் போட்டாச்சா? ரெண்டு பேரும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீயளே. பையக் களவு குடுத்துட்டீயளா?"

"இல்ல மாமி. நான் கொஞ்சம் படிக்கணும்" என்றாள் ஜமீலா.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் தனியாகப் பஸ் பிடித்துத் தென்காசி அலுவலகத்துக்கு வந்தாள். நான் அதுவரை இரண்டு கடிதம் அடித்து வைத்திருந்தேன், ஒன்று சம்மதம் என்று, ஒன்று இல்லை என்று. அவள் படிவத்தை மேஜையில் வைத்தாள். கையெழுத்து இருந்தது. கடைசி வரியில் என் டிக்கை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, "இல்லை" கட்டத்தில் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி டிக் போட்டிருந்தாள்.

"நான் குடுக்குதேன்க்கா. நேத்து நைட்டு யாரையும் கேக்காம நானே யோசிச்சேன். ஆனா பொறவு எனக்கு ஒண்ணும் சொல்லப்படாது. நல்லா இருந்தாலும் சொல்லப்படாது."

"நல்லா இருந்தா கூடவா?"

"நல்லா இருந்தா சொல்லுவீங்கன்னா, சொல்லாத அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிரும்லா."

நான் இரண்டு பட்டம் வாங்கினாலும் இந்தக் கணக்கு எனக்கு ஓடியிருக்காது.

மதுரையில்தான் எடுத்தார்கள். ஐந்து நாள் ஊசியில் இடுப்பு வலிக்கிறது என்று முனகினாள். கணவர் வீடியோவில் வந்து, நான் அப்பவே சொன்னேன், என்னோடத எடுத்திருக்கலாம் என்று புலம்பினார். மாமியார் தூக்குச் சட்டியில் மீன் குழம்பும் கையில் தஸ்பீஹ் மணிமாலையுமாகப் பக்கத்திலேயே இருந்தார். நாலு மணி நேரம் கழித்து நர்ஸ் அந்தப் பையைத் தூக்கிக் காட்டியபோது ஜமீலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவுதானாக்கா?" என்றாள். உள்ளங்கையில் அடங்குகிற பை.

ஆறேழு மாதம் கழித்து அந்தக் கவர் வந்தது. நோயாளியின் நிலை பற்றிய அறிக்கை, நம் அலுவலக ஒருங்கிணைப்பாளர் பேருக்கு இப்படித்தான் வரும். கொடையாளர் கேட்டிருந்தால் அவருக்குச் சொல்வோம், கேட்கவில்லை என்றால் ஃபைலில் வைப்போம். அதைப் பிரித்துப் படிக்க எனக்கு முழு உரிமை உண்டு. ஓரத்தில் விரலை நுழைத்துவிட்டேன். அப்போதுதான் அவள் சொன்ன கணக்கு ஞாபகம் வந்தது. கடையநல்லூருக்கு வாரம் ஒருமுறையாவது போகிறவள் நான். பஜாரில், பஸ்ஸில் எங்காவது அவள் என்னைப் பார்ப்பாள். வாயைப் பூட்டிக்கொள்ளலாம். முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

பெயர் சொல்லாமல் அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள், "பிரிச்சுப் பாத்துட்டுத் திரும்ப ஒட்டிற வேண்டியதுதானட்டி. யாருக்குத் தெரியப்போவுது?"

"என் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்மா."

அம்மா இலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உன்னப் படிக்க வச்சதுக்கு, நீ படிக்காம வச்சிருக்க பாரு ஒண்ணு, அது எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

போன மாதம் கடையநல்லூர் பஸ் நிறுத்தத்தில் ஜமீலாவைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்ததும் சிரித்தாள்.

"பாத்தேன்க்கா. ஒண்ணும் தெரியல."

"எனக்கே தெரியாது. நான் பிரிக்கல."

அவளுக்கு அது நம்பமுடியவில்லை. "நீங்களா? எங்க வீட்டுக் காலண்டர்ல பின்பக்கம் இருந்ததக் கூடப் படிச்சீங்க" என்றாள். லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் தும்மத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "தும்மும்போதெல்லாம் நெனப்பேன்க்கா. அங்கனயும் யாரோ இப்பத் தும்முதாக, எதுக்குன்னு தெரியாம முழிக்காகன்னு."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

இனி கடையநல்லூர் உங்களில் ஒருவருக்கு. வீட்டில் யாரை வேண்டுமானாலும் பாருங்கள், பேசுங்கள். ஆனால் கொடுக்கப்போகிறவரைத் தனியாக உட்காரவைத்து, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள். கட்டங்களை முன்கூட்டியே நிரப்பாதீர்கள். அந்த ஊருக்குப் போகிறவர் மட்டுமல்ல, உங்களில் யாருமே பச்சை ஃபைலில் இருக்கும் கவரைப் பிரிக்க வேண்டாம்.

மனம் மாறி ஜமீலாவே ஒருநாள் வந்து கேட்கலாம். கேட்டால் அவள் கையில் கொடுங்கள், அவள்தான் முதலில் பிரிக்கவேண்டும். படித்த பிறகு அவளுக்கு விருப்பம் இருந்தால் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். விருப்பம் இல்லை என்றால் வேண்டாம். என் கைக்கு வந்து நான் படிக்காமல் விட்ட காகிதம் அது ஒன்றுதான். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.